பொங்கலுக்கு எப்படி லீவு கிடைத்தது? பைலட் டூட்டி பற்றி நம்ம ஏரியா கேள்விகள்

பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவன் நான். இப்போது அமெரிக்காவில் ஒரு கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது வலது சீட்டில் உட்கார்ந்து போயிங் 737 ஓட்டுகிறேன். பொங்கலுக்கு வந்து இறங்கியதிலிருந்து, "எப்படிப்பா லீவு விட்டான்?" என்று கேட்காத ஆளில்லை. சந்தேகங்களை எழுதி அனுப்பச் சொன்னேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ராயபுரத்திலிருந்து ஒரு அக்கா: உன் டூட்டியை நீயே எடுத்துக்கொள்வாய் என்று உன் அம்மா சொன்னார்களே, நிஜமா?

அம்மா கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறார், அக்கா. கேட்பதுதான் நான், கொடுப்பது கம்ப்யூட்டர். அடுத்த மாதம் ஓட வேண்டிய விமானங்களைக் கம்பெனி முதலில் ட்ரிப்புகளாகக் கட்டிவிடும். பேஸில், அதாவது நமக்கென்று ஒதுக்கிய ஊர் ஏர்போர்ட்டில் கிளம்பி, ஊர் ஊராகப் போய், ஓட்டலில் தங்கி, மறுபடி பேஸுக்கு வந்து சேர்ந்தால் ஒரு ட்ரிப். சிலது ஒரே நாளில் முடியும், சிலது நாலு நாள் இழுக்கும். எந்தத் தேதி வீட்டில் இருக்க வேண்டும், எந்த மாதிரி ட்ரிப் வேண்டும் என்று ஒவ்வொருவரும் எழுதிப் போடுவோம். அதற்குப் பெயர் பிட். ஏலம் என்று நினைத்துவிடாதீர்கள், இதில் காசு கிடையாது.

பிட் மூடியதும் கம்ப்யூட்டர் ஒன்றாம் நம்பர்காரரிடம் ஆரம்பித்து ஒவ்வொருவராகக் கீழே வரும். நம் தெருவில் தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை போட்டு வைப்போமே, அதேதான். முதல் குடம் வழிய வழிய நிரம்பும். கடைசிக் குடத்துக்கு மிச்சம் இருப்பதுதான். கம்பெனியில் சேர்ந்த தேதிதான் உங்கள் நம்பர். ஒரே பேஸ், ஒரே விமானம், ஒரே சீட் என்று இருப்பவர்களுக்குள்தான் போட்டி. அப்படி என்னையும் சேர்த்து 400 பேர் இருக்கிறோம். நான் 310 வாக்கில் நிற்கிறேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு கூட்ஸ் லோகோ பைலட்: தம்பி, இது எங்கள் லிங்க், அதாவது சுற்றி வரும் டூட்டி வரிசை மாதிரிதானே?

பாதிக்குப் பாதி, அண்ணே. சீனியர் ஆக ஆகத்தான் உங்களுக்கு கூட்ஸிலிருந்து மெயில், எக்ஸ்பிரஸ் கிடைக்கும். அது எங்களுக்கும் பொருந்தும். ஆனால் ஒரு லிங்க்குக்குள் வந்துவிட்டால் நல்ல வண்டியும் கெட்ட வண்டியும் சுற்றிச் சுற்றி எல்லோருக்கும் வரும். எங்களுக்குச் சுற்று என்பதே கிடையாது. ஒன்றாம் நம்பர்காரர் வருஷம் முழுக்க நல்ல ட்ரிப்பையே எடுத்துக்கொண்டு போகலாம், யாரும் கேட்க முடியாது. நியாயம் என்று பார்த்தால் உங்களுடையது மேல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஐம்பதாம் நம்பர் வந்தபின் வேறு மாதிரி பேசுவேனோ என்னவோ.

கொருக்குப்பேட்டை: பிட்டில் என்னதான் எழுதுவீர்கள்? ஒன்றைக் காட்டுங்களேன்.

பிப்ரவரிக்கான பிட்டை போகிப் புகைக்குள் மொட்டைமாடியில் உட்கார்ந்துதான் போட்டேன். முதல் வரி: 20, 21, 22 தேதிகள் லீவு. இரண்டாவது: ராத்திரி முழுக்கப் பறக்கும் ட்ரிப் வேண்டாம். மூன்றாவது: காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பிக்கும் நாலு நாள் ட்ரிப். நான்காவது: சான் ஹோசேயில் நீளமாகத் தங்கல் இருந்தால் கொடு. பக்கத்தில் சன்னிவேலில் நல்ல தோசை கிடைக்கும், வேறு காரணம் இல்லை.

எல்லாம் கிடைக்காது. எதை மேலே எழுதுகிறோம், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 20 முதல் 22 வரை எனக்கு ரொம்ப முக்கியம் என்றால் ராத்திரி ட்ரிப்பைச் சகித்துக்கொள்வேன் என்று வரிசையிலேயே தெரிய வேண்டும். அப்புறம் இன்னொன்று: நமக்கு என்ன பிடிக்கும் என்பதைவிட, நமக்கு மேலே இருக்கும் 309 பேருக்கு என்ன பிடிக்காது என்று தெரிந்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸ், நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங், அமெரிக்க சுதந்திர தினமான ஜூலை 4, ஸ்கூல் லீவு, சனி, ஞாயிறு. அத்தனையும் மேலேயே போய்விடும், நான் ஆசைப்படுவதே வீண். ஜனவரி நடுவில் யாருக்கு லீவு வேண்டும்? அங்கே குளிர், கூட்டமும் குறைந்த காலம். வருஷாந்திர லீவுக்கும் இதே சீனியாரிட்டி பிட்தான். அதில் பொங்கல் வாரம் எனக்காகவே மிச்சம் இருந்தது. தீபாவளிக்கும் அனேகமாக லீவு கிடைத்துவிடும்.

பழைய வண்ணாரப்பேட்டை: பெரிய இடத்துச் சிபாரிசு இருந்தால் மேலே போக முடியாதா?

முடியாது. இந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. 1931இல் அமெரிக்க பைலட்டுகள் சங்கம் ஆரம்பித்த காலத்தில், வானிலை மோசம், பறக்க மாட்டேன் என்று சொன்னவனை மேனேஜர் பழிவாங்கலாம். பிடித்தவனுக்கு நல்ல ரூட், பிடிக்காதவனுக்கு வேலையே போகும். நம்பர் என்று வந்துவிட்டால் மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, துணிந்து மாட்டேன் என்று சொல்லலாம். பயணிக்கும் அது நல்லதுதானே. ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் யார் முன்னால் என்பதற்குக்கூட விதி உண்டு. சில கம்பெனிகளில் வயதில் மூத்தவர் முன்னால் நிற்பார். சில இடங்களில் அரசாங்க அடையாள எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்ப்பார்கள்.

காசிமேடு: அப்போ கடைசி நம்பருக்கு என்ன கதி?

ரிசர்வ். ட்ரிப்பே கிடையாது, போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். கடலுக்குப் போவதா வேண்டாமா என்று தெரியாமல் கரையில் காத்திருப்பது உங்களுக்குத் தெரியாததா. என்ன, எங்களுக்குக் காத்திருந்தாலும் மாதத்துக்கு இத்தனை மணி என்று குறைந்தபட்சச் சம்பளம் உண்டு.

முதல் வருஷம் எனக்கு நியூயார்க் பேஸ், குடும்பமோ சிகாகோவில். குயின்ஸில் கியூ கார்டன்ஸ் என்று ஒரு இடம். விமானக்காரர்கள் குவிந்து கிடப்பதால் அதை க்ரூ கார்டன்ஸ் என்று கிண்டலாகச் சொல்வார்கள். அங்கே ஒரு அறையில் அடுக்குக் கட்டிலில் எட்டுப் பேர். ஒரு தீபாவளிக்கு நாள் முழுக்கப் போன் அடிக்கவில்லை. சாயங்காலம் வீடியோவில் மகளுக்கு மத்தாப்பு கொளுத்தச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அடித்தது. சூட்கேஸை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஏர்போர்ட் போய்ச் சேர்ந்ததும் ஃபிளைட் கேன்சல்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, வேறு கம்பெனிக்கு மாறினால் சீனியாரிட்டி கூட வருமா?

வராது, தம்பி. பக்கத்துத் தெருவுக்குக் குடி போனால் உன் குடம் அங்கே கடைசியில்தான். இருபது வருஷ கேப்டனானாலும் புதுக் கம்பெனியில் கடைசி நம்பர். அதனால்தான் அங்கே சின்ன வயதிலேயே நல்ல கம்பெனிக்குள் நுழைந்துவிடத் துடிக்கிறார்கள். 65 வயதில் ஓய்வு கட்டாயம் என்பதால், மேலே எத்தனை பேருக்கு எப்போது 65 ஆகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் பலர் கம்பெனியையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

கம்பெனியே இன்னொன்றோடு சேர்ந்துவிட்டால் தலைவலி. 2001இல் டிடபிள்யூஏ என்ற விமானக் கம்பெனியை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியபோது அந்த பைலட்டுகளில் பெரும்பாலோரைப் பட்டியலின் அடியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வருஷக் கணக்கில் உழைத்தவர்கள் ஒரே நாளில் பின்னால் போனார்கள். 2007இல் வந்த ஒரு சட்டம், இனி நியாயமாகத்தான் இணைக்க வேண்டும் என்கிறது.

பெரவள்ளூர்: எப்போது கேப்டன்?

நினைத்தால் சீக்கிரமே ஆகலாம். ஆனால் கேப்டன்கள் பட்டியலில் கடைசி ஆள் ஆகிவிடுவேன். சம்பளம் கூடும், மறுபடி ரிசர்வ். மகள் கொஞ்சம் வளரட்டும் என்று வலது சீட்டிலேயே இருக்கிறேன்.

திருவொற்றியூர்: ஜூனியர்கள் தூங்காமலே ஓட்டுவார்களா? பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம், ஓய்வு விதிக்கு சீனியர், ஜூனியர் கிடையாது. அங்கே 28 நாளில் 100 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. டூட்டிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் தூங்க இடம் இருக்க வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலும் கம்பெனிதான் ரோஸ்டர் போட்டுக் கொடுக்கும், ஆனாலும் ஓய்வு விதி உண்டு. வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 ஆக்கியதும், இரவு இறக்கங்களைக் குறைத்ததும், அதற்குப் போதுமான பைலட் இல்லாமல் 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஏகத்துக்கு ரத்தானதும் ஞாபகம் இருக்கும்.

எண்ணூர்: கம்ப்யூட்டர் தப்பு பண்ணினால்?

பண்ணியிருக்கிறது. 2017 கிறிஸ்துமஸுக்கு முன் அமெரிக்கன் ஏர்லைன்ஸில், கேட்டவர்களுக்கெல்லாம் ட்ரிப்பைக் கைவிட சிஸ்டம் அனுமதி கொடுத்துவிட்டது. ஆயிரக்கணக்கான விமானங்களுக்கு பைலட் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஒன்றரை மடங்கு சம்பளம் தருகிறோம் என்று கம்பெனி கெஞ்ச வேண்டியதாயிற்று. ஜூனியர்கள் சாமி கும்பிட்டுக்கொண்டது அந்த வருஷம்தான்.

மூலக்கடை: பிட் போடவே மறந்துவிட்டால்?

எப்போதும் இருக்கும்படி ஒரு பொது பிட் போட்டு வைக்கலாம், மறந்தால் அதை எடுத்துக்கொள்ளும். நான் போட்டு வைக்கவில்லை. இன்று சிகாகோவில் பகல் 12க்கு, அதாவது இங்கே ராத்திரி 11.30க்கு பிட் மூடுகிறது. சான் ஹோசேயை மூன்றாவது வரிக்கு ஏற்றலாமா என்று இன்னும் யோசனை. இப்போது மணி 11.10, மிச்சக் கேள்விகளுக்கு நாளைக்கு.