அத்தையையும் துருக்கிக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் ஸ்லோவில் இருக்கிறோம். பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 4. எங்கள் நால்வருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். கோவில்பட்டியிலிருந்து அத்தை (கணவரின் அம்மா, 67 வயது, முட்டைகூடத் தொடாத சைவம், மூட்டுவலி) ஏப்ரலில் வந்து எங்களோடு இருக்கிறார், செப்டம்பரில் ஊர் திரும்புகிறார். கோடை விடுமுறைக்குத் துருக்கியில் அந்தால்யா பக்கம் ஒரு கடற்கரை ரிசார்ட்டில், சாப்பாடு எல்லாம் சேர்த்து 7 இரவு போகலாம் என்கிறார் கணவர். 'அம்மா வந்தா சாயங்காலம் பிள்ளைகளைப் பார்த்துப்பாங்க, நாம வெளிய போகலாம்' என்பது அவர் கணக்கு. பள்ளி முடிய ஒரு வாரம் முன்னாலேயே கிளம்பினால் மலிவு என்றும் சொல்கிறார். அத்தையோ, 'எனக்கு எதுக்கும்மா, நீங்க போயிட்டு வாங்க' என்கிறார். நாங்கள் மது குடிப்பதில்லை. பிறகு 'எல்லாம் உட்பட' என்று பணம் கொடுப்பது வீண்தானே? அத்தை அங்கே என்ன சாப்பிடுவார்? போன வருஷம் ஸ்பெயினில் சமையலறையோடு வீடு எடுத்து, ஏழு நாளும் நானேதான் சமைத்தேன்.
- பெயர் வேண்டாம், ஸ்லோ

பதில்: ஸ்பெயினில் ஏழு நாளும் சமைத்ததைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த ஒரு வரிக்காகவே சொல்கிறேன், 'எல்லாம் உட்பட' எடுங்கள். துருக்கியில் அதை 'ஹெர் ஷெய் தாஹில்' என்பார்கள். மது குடிக்காதவர்களுக்கு அது நஷ்டம் என்று நினைக்கிறோம். மதியம் மூன்று மணிக்கு 4 வயதுக்காரி 'பசிக்குது' என்று அழும்போது எழுந்து போய் ஒரு தட்டில் ஏதாவது எடுத்துவர முடிகிறதே, அதற்குத்தான் அந்தப் பணம். பையன் ஒரு நாளைக்கு எத்தனை ஐஸ்கிரீம் கேட்பான், ஐந்து பேருக்கு அந்த வெயிலில் எத்தனை பாட்டில் தண்ணீர் ஆகும் என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். அங்கே குழாய்த் தண்ணீரைக் குடிப்பதில்லை, எல்லாம் பாட்டில்தான். ஒன்றை மட்டும் பாருங்கள். வெறும் 'ஆல் இன்க்ளூசிவ்' என்றால் சில ஹோட்டல்களில் இரவு பத்து மணியோடு கடை கட்டிவிடுவார்கள், பாட்டில் தண்ணீர், ஐஸ்கிரீம், புதிதாகப் பிழிந்த ஜூஸ் எல்லாம் தனிக் காசு. 'அல்ட்ரா' என்று போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் சேரும். எதெது சேர்த்தி என்பதை அந்த ஹோட்டலின் பட்டியலில் வரிவரியாகப் படியுங்கள்.

இனி அத்தை. 'எனக்கு எதுக்கும்மா' என்று நம் அம்மாக்கள் சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, என்னால் உங்களுக்குச் செலவு வேண்டாம் என்பது. இன்னொன்று, என் முழங்காலையும் வயிற்றையும் வைத்துக்கொண்டு வேற்றூரில் அவதிப்பட வேண்டாம் என்பது. 'வர்றீங்களா' என்று கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும். அதனால் அப்படிக் கேட்காதீர்கள். ஹோட்டல் படத்தைக் காட்டி, 'இங்க லிஃப்ட் இருக்கு, சாப்பாட்டுக் கூடம் கீழேயே இருக்கு, இந்தப் பெஞ்சுல உக்காந்தா கடல் தெரியுது' என்று சொல்லிப் பாருங்கள். அப்புறமும் வேண்டாம் என்றால் அது நிஜமான வேண்டாம், விட்டுவிடுங்கள்.

உங்கள் கணவரிடம் ஒரு வார்த்தை. அம்மாவை விருந்தாளியாக அழைக்கிறாரா, காவலுக்கு அழைக்கிறாரா? ஏழு சாயங்காலமும் பிள்ளைகளை அவர் தலையில் கட்டினால், ஸ்பெயினில் உங்களுக்கு நடந்தது இந்த வருஷம் அத்தைக்கு நடக்கும். இரண்டு சாயங்காலம், அதுவும் முன்கூட்டியே கேட்டு. மற்றபடி பெரும்பாலான ரிசார்ட்டுகளில் பிள்ளைகளுக்கென்று ஒரு கிளப் இருக்கும். 4 வயதிலிருந்து சேர்ப்பதுதான் பொதுவழக்கம். ஆனால் அங்கே பேச்செல்லாம் ரஷ்யனிலும் ஜெர்மனிலும் ஓடுகிற ஹோட்டல்களும் உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டுக்கு முன்னால் விசா. உங்கள் நால்வருக்கும் துருக்கிக்கு விசா வேண்டாம், 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். பாஸ்போர்ட் மட்டும் போய் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 150 நாள் செல்ல வேண்டும், முத்திரைக்கு ஒரு வெற்றுப் பக்கமும் இருக்க வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்தே வருஷம்தான் என்பதை நிறையப் பேர் மறந்துபோய் விமான நிலையத்தில் முழிக்கிறார்கள். அத்தையுடையது இந்தியப் பாஸ்போர்ட் என்பதால் அவருக்கு விசா தேவை. செல்லுபடியாகும் பிரிட்டிஷ் விசா வைத்திருக்கும் இந்தியர்கள் துருக்கி அரசின் தளத்திலேயே மின்விசா வாங்கலாம். ஒருமுறை நுழைய, 30 நாள் தங்க. ஆனால் கையில் இருக்கும் பிரிட்டிஷ் விசா பாஸ்போர்ட்டில் ஒட்டியதாக இருந்தால் கவலையில்லை, அதுவே மின்விசாவாக இருந்தால் லண்டனில் உள்ள துருக்கித் தூதரகத்தில் கேட்காமல் காசு கட்டாதீர்கள். திரும்பி வரும்போது பிரிட்டிஷ் குடிவரவில் அத்தையிடம் கேள்வி கேட்கலாம். செப்டம்பர் மாத ஊர் டிக்கெட்டின் நகல் அவர் கைப்பையிலேயே இருக்கட்டும்.

பள்ளிக்கு ஒரு வாரம் மட்டம் போடும் யோசனையை விடுங்கள். இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் ஐந்து பள்ளி நாள் போனால் அபராதம். ஒரு பிள்ளைக்கு, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 80 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. உங்கள் இருவருக்கும் சேர்த்தால் மலிவாகக் கிடைத்ததில் ஒரு பங்கு போய்விடும். ஆகஸ்ட் கடைசி வாரம் பாருங்கள். ஸ்காட்லாந்துப் பள்ளிகள் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடுவதால் விலை பெரும்பாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

சாப்பாட்டுக்கு வருவோம். என் அம்மாவை ஒரு கோடையில் அங்கே அழைத்துப் போயிருந்தேன். அவரும் முட்டை தொடாதவர். முதல் நாள் மதியம் பருப்பு சூப் என்று ஆசையாக எடுத்துக்கொண்டார். மெர்ஜிமெக் சோர்பா, நம் மைசூர்ப் பருப்பை மசித்து, எலுமிச்சை பிழிந்து, மேலே மிளகாய்த்தூள் வெண்ணெய் விட்டுத் தருவது. இரண்டு கரண்டி குடித்த பிறகுதான் அது கோழித் தண்ணீரில் வெந்தது என்று தெரிந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்துபோய் வாய் கொப்பளித்தார். அன்று இரவு சாப்பிடவும் இல்லை. தப்பு என்னுடையது. 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

அங்கே 'எத்' என்றால் இறைச்சி. ஆனால் பேச்சுவழக்கில் அது ஆடு, மாடுதான். கோழி அவர்களுக்கு 'எத்' இல்லை, மீன் சுத்தமாக இல்லை. ஆகவே மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்: 'எத் யோக், தாவுக் யோக், பாலிக் யோக்.' யோக் என்றால் இல்லை. முட்டைக்கு 'யுமுர்தா யோக்'. அடுத்து, சூப்பையும் சோற்றையும் காட்டி 'தாவுக் சுயு?' என்று கேளுங்கள். கோழித் தண்ணீர் என்று அர்த்தம். வெள்ளைச் சோறு பார்க்க அப்பாவியாக இருக்கும், அதைத்தான் பல இடங்களில் கோழித் தண்ணீரில் வேகவைக்கிறார்கள். முதல் நாளே தலைமைச் சமையல்காரரைக் கூப்பிடச் சொல்லி, அத்தையைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு இதைச் சொல்லிவிடுங்கள். வயதானவர்களுக்கு அங்கே மரியாதை அதிகம். என் அம்மாவை 'தெய்ஸே' என்று கூப்பிட்டார்கள், அம்மாவின் அக்கா தங்கையை அழைக்கும் முறை அது. அம்மாவுக்கு அங்கே 'அன்னே' என்று பெயர், அதைக் கேட்டதும் என் அம்மா ஊரையே மன்னித்துவிட்டார்.

பயப்படாமல் எடுக்கக்கூடியவை நிறையவே உண்டு. ஸெய்தின்யாலி என்று ஒரு வகை: பீன்ஸ், கூனைப்பூ, கத்தரிக்காய் எல்லாம் ஆலிவ் எண்ணெயில் வதங்கி, ஆறவைத்துப் பரிமாறுவது. இறைச்சி போடுவதில்லை. திராட்சை இலையில் சோறு பொதிந்த சார்மாவும் இந்த வகையில் வந்தால் சைவம்தான், சூடாக வந்தால் உள்ளே கொத்துக்கறி இருக்கும். கெட்டித் தயிருக்குப் பஞ்சமே இல்லை. வெள்ளரிக்காய் போட்ட தயிர்ப் பச்சடிக்கு ஜாஜிக் என்று பெயர், உப்புப் போட்ட மோர்தான் அய்ரான். தர்ப்பூசணி, அத்திப்பழம், பீச் எல்லாம் ஆகஸ்டில் மலைபோல் குவிந்திருக்கும். பக்லாவா மாவில் முட்டை சேர்ப்பது வழக்கம், அத்தைக்கு வேண்டாம். பழைய முறையில் செய்த லோகும் ஸ்டார்ச்சும் சர்க்கரையும்தான்.

என் அம்மாவைக் காப்பாற்றியது 'கோஸ்லெமே' என்கிற மடித்த ரொட்டி. தோட்டத்து மூலையில் தலையில் துணி கட்டிய ஒரு அம்மாள் தரையில் உட்கார்ந்து, தாழ்வான வட்டப் பலகையில், சுண்டுவிரல் பருமனில் நீளமான ஒரு குச்சியால் மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தேய்ப்புக்கும் மாவு குச்சியிலேயே சுருண்டு, ஒரு தட்டுத் தட்டினால் திரும்ப விரியும். அடுத்த பக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிசு. பசலைக்கீரையும் உப்புப் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்து, கவிழ்த்த இரும்புக் கல்லில் போடுவார். அம்மா பத்து நிமிஷம் நின்று பார்த்தார், மறுநாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், மூன்றாம் நாள் குச்சி அம்மா கையில். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. ஒரே கல்லில் கொத்துக்கறியும் போடுவார்கள் என்பதால், காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள்.

இடம் எது? விமானம் லண்டனிலிருந்து சுமார் நான்கு மணி நேரம். அதற்குப் பிறகு எவ்வளவு தூரம் என்பதை ஏஜெண்டுகள் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். அந்தால்யா விமான நிலையத்துக்கு லாரா மிகப் பக்கம், பெலெக் 35 கிலோமீட்டர் சுமார், சிடே 65, அலான்யா 120க்கும் மேல். பேக்கேஜோடு வரும் பஸ் வழியிலுள்ள ஹோட்டல் ஒவ்வொன்றிலும் நின்று நின்று போகும். மூட்டுவலிக்காரரை வைத்துக்கொண்டு அலான்யா வேண்டாம். தனி வண்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பது நல்ல செலவு. மேற்கே கெமெர் பக்கம் பைன் மரமும் மலையும் கண்ணுக்கு நிறைவு, ஆனால் கரை முழுக்கக் கூழாங்கல், 4 வயதுப் பாதத்துக்கும் 67 வயது முழங்காலுக்கும் ஆகாது. நானாக இருந்தால் சிடே. மணல் கரை, தண்ணீர் ரொம்ப தூரம் இடுப்பளவுதான்.

ஹோட்டலில் சறுக்கு எத்தனை என்று பையன் எண்ணட்டும். நீங்கள் படிக்கட்டை எண்ணுங்கள். 'தோட்ட அறை' என்று நான் மலிவாக எடுத்தது சாலையைத் தாண்டி, பதினெட்டுப் படி ஏறிப் போகிற கட்டடமாக இருந்தது. பிரதானக் கட்டடத்தில், லிஃப்ட் பக்கத்தில், சாப்பாட்டுக் கூடத்துக்கு அருகில் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நடைதூரம் அதிகமுள்ள ரிசார்ட்டுகள் மைதானம் போல விரிந்திருக்கும், அங்கே அழகு ஒரு தொந்தரவு.

ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். கோவில்பட்டிக்காரருக்கு அது பெரிதில்லை, ஸ்லோவில் வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் பெரிது. பன்னிரண்டிலிருந்து நாலு வரை அறையில் தூங்குங்கள். கடல் 28 டிகிரிக்குப் பக்கம் இருக்கும், அத்தை தயங்காமல் கால் நனைக்கலாம். நீச்சல் குளத்தில் மட்டும் சேலை, சுடிதார், பருத்தித் துணியோடு இறங்க விடமாட்டார்கள். உடம்பு முழுக்க மூடும் நீச்சல் உடையைப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். கடலில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. சேலையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு திருச்செந்தூரில் நிற்கிற மாதிரி நிற்கலாம்.

வெளியே போவதென்றால் ஒரே ஒரு நாள், சாயங்காலம். சிடே பழைய ஊரில் துறைமுக ஓரம் அப்போலோ கோயிலின் ஐந்து தூண்கள் நிற்கின்றன, சூரியன் இறங்கும் நேரம் பாருங்கள். பையனுக்குச் சரித்திரம் பிடித்தால் அஸ்பெந்தோஸ் அரங்கம், 2ஆம் நூற்றாண்டில் ரோமானியர் கட்டியது, இன்றும் அங்கே ஆப்பெரா நடக்கிறது. மேடைப் பக்கமாக நுழைவதால் அத்தை இருக்கைப் படிகளில் ஏறாமல் கீழே இருந்தே பார்க்கலாம். இடிபாடுகளில் கிடக்கும் கல்லைப் பையன் பையில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பழம்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப்போவது அங்கே குற்றம், விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

வெளிநாட்டில் மருத்துவம் பார்க்க உதவும் பிரிட்டிஷ் அரசின் ஜிஹெச்ஐசி அட்டை துருக்கியில் செல்லாது. காப்பீடு எடுக்காமல் போகாதீர்கள், அத்தையின் மூட்டுவலி, சர்க்கரை, ரத்த அழுத்தம் எது இருந்தாலும் சொல்லியே எடுங்கள். கார்டு தேய்க்கும்போது 'பவுண்டா லிராவா' என்று மெஷின் கேட்டால் லிரா. போன் ரோமிங் சில நிறுவனங்களில் ஐரோப்பாவோடு சேராத கட்டணமாக வரும், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே டீ என்பது இடை சிறுத்த சின்னக் கண்ணாடிக் குவளையில் பாலில்லாமல் வருவது. அத்தைக்குக் காலை ஆறு மணிக்கு அது நடக்காது. அறையில் கெட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள், காபித்தூள் எடுத்துக்கொள்ளுங்கள், இரட்டை முனை ஐரோப்பிய அடாப்டர் ஒன்றும். மாவடு ஊறுகாய் பாட்டிலைப் பெட்டியில் வையுங்கள். நான் கைப்பையில் வைத்திருந்தேன், லூட்டனில் அதைத் திரவம் என்று சொல்லி வாங்கிக் கூடையில் போட்டுவிட்டார்கள்.