வெல்டிங் மேல்மாடியில் வேண்டாம்

கேள்வி: கொட்டாஞ்சேனையில் எங்கள் அறக்கட்டளைக்கு 20 பேர்ச் காணி உண்டு. வெல்டிங், தச்சு, கடைசல் (லேத்) வேலை, கணினி ஆகியவற்றைக் கற்பிக்க மூன்று தளக் கட்டடம் ஒன்றை எழுப்பவிருக்கிறோம். புகை எளிதில் வெளியேறும் என்று வெல்டிங் பட்டறை மேல்மாடியிலும், பார்வைக்கு நன்றாயிருக்கும் என்று கணினி அறை நிலத்தளத்திலும் வரையப்பட்டுள்ளன. இது பொருந்துமா?

பதில்: பொருந்தாது. இரும்புக் கடையிலிருந்து வரும் பெட்டிக் கம்பியின் நீளம் 20 அடி. அதைத் தோளில் சுமந்து மாடிப்படியின் திருப்பத்தில் வளைத்துக் கொண்டுபோக எவராலும் இயலாது. வாயு உருளைகளைப் படியேற்றுவதோ அதைவிட ஆபத்தானது. எனவே வெல்டிங் பட்டறை லொறி வந்து நிற்கும் நிலத்தளத்திலேயே இருக்க வேண்டும்.

புகை மேலே போகும் என்பது உண்மைதான். ஆனால் குனிந்து வேலை செய்யும் மாணவனின் மூக்கைக் கடந்துதான் அது மேலே போகிறது. கூரையில் பொருத்தும் உறிஞ்சு விசிறி புகையை அவன் முகத்தின் வழியாகவே இழுக்கும் என்பதால், உறிஞ்சு வாய் மேசையின் பின்புறத்தில், வேலை நடக்கும் உயரத்திலேயே அமைய வேண்டும். அங்கிருந்து குழாய் கூரைக்கு மேலே செல்லட்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று வீசும் நகரம் இது. குழாயின் வாய் அந்தப் பக்கம் இருந்தால் புகை உங்கள் வகுப்பறைகளுக்கே திரும்பி வரும். சுவருக்குப் பளபளப்பான வண்ணம் பூசாதீர்கள். வெல்டிங் ஒளியின் புற ஊதாக் கதிர் அதில் தெறித்து, கவசம் அணியாமல் பக்கத்தில் நிற்பவனின் கண்ணைத் தாக்கும்; இரவில் கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல் உறுத்தும். ஒட்சிசன், அசெற்றலின் உருளைகளைக் கட்டடத்துக்கு வெளியே, நிமிர்த்தி, ஒன்றையொன்று பிரித்து வையுங்கள். அசெற்றலினுக்குச் செப்புக் குழாய் கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் வெடிக்கும் சேர்மம் உண்டாகும்.

மரத்தூளும் தீப்பொறியும் அண்டை வீட்டாராக இருக்கக்கூடாது. தச்சு இயந்திரங்கள் ஒரு முனையிலும், வெல்டிங் மறு முனையிலும், இடையில் முழு உயரச் சுவர்களுடன் கடைசல் பகுதியும் இருக்கட்டும். 20 பேர்ச் என்பது 5,445 சதுர அடிதான். எல்லையோரம் விட வேண்டிய வெளியையும் வாகனத் தரிப்பிடத்தையும் கழித்தால் நிலத்தளம் நெருக்கடியாகும். ஆகவே கைக்கருவித் தச்சையும் வரைதல் வகுப்பையும் முதல் மாடிக்கு அனுப்பிவிடலாம். கணினிக்கு உச்சி மாடி போதும், கூரைக்கு வெப்பத்தடுப்பு இருந்தால்.

கடைசல் இயந்திரத்தின் மேல் பழைய குழல் விளக்குகளை ஒரே கட்ட (phase) மின்னில் இணைக்காதீர்கள். அவை நொடிக்கு 100 முறை மினுங்குவதால், நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுழலும், வேலைப்பொருளைக் கவ்வும் மூன்று தாடைப் பிடிப்பான் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும்; ஒவ்வொரு மினுங்கலிலும் ஒரு தாடை முந்தைய தாடையின் இடத்துக்கு வந்துவிடுகிறது. புதியவன் கையை நீட்டிவிடுவான். விளக்குகளை மூன்று கட்டங்களுக்கும் பிரித்து இணையுங்கள்.

பழைய தொழிற்சாலைகளைப் பார்த்து வடக்கு நோக்கிய ரம்பப்பல் கூரை, அதாவது ரம்பத்தின் பற்கள்போல் வரிசையாகச் சரிந்து வடக்குப் பக்கத்தில் கண்ணாடி வைத்த கூரை, கேட்பவர்களும் உண்டு. இங்கிலாந்தில் அது குளிர்ந்த ஒளி தரும். கொழும்பிலோ ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து செப்டெம்பர் முதல் வாரம் வரை நண்பகல் சூரியனே வடக்கில்தான் நிற்கிறது. அகன்ற தாழ்வாரமும், கிழக்கு மேற்குச் சுவர்களில் குறைந்த சன்னல்களுமே இங்கு உதவும்.

மாநகர சபைக்கு வரைபடத்தை அனுப்புமுன், மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் ஒவ்வொரு பாடநெறிக்கும் வேண்டிய இடவசதியைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். கட்டிய பின் சுவரை நகர்த்த முடியாது.