அட்டிகஸை மட்டும் பார்த்தால் போதாது: ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ கேள்வி பதில்

ஹார்ப்பர் லீ எழுதி 1960இல் வெளியான இந்த நாவலைப் பல வருடமாகத் திரும்பத் திரும்ப வாசித்து வருகிறேன். வந்திருக்கும் கேள்விகளுக்கு என்னால் முடிந்தவரை பதில் சொல்கிறேன். இன்னும் வாசிக்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம்: அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மேகோம் என்றொரு கற்பனை ஊர். காலம் 1930களின் பொருளாதார மந்தம். ஸ்கவுட் என்ற சிறுமி, அண்ணன் ஜெம், தாயில்லாத அவர்களை வளர்க்கும் வழக்கறிஞர் அப்பா அட்டிகஸ் ஃபின்ச். மேயெல்லா யூவெல் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்ட டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளிக்காக அட்டிகஸ் வாதாடுகிறார். முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் நாவலை முடித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: அட்டிகஸ் வழக்கில் தோற்கிறார், டாமும் செத்துப்போகிறார். அப்புறம் எப்படி இதைத் துணிச்சலின் கதை என்கிறார்கள்?

தோற்போம் என்று தெரிந்தே அவர் இறங்கியதால்தான். 10, 11 ஆகிய இரண்டு அத்தியாயங்களையும் சேர்த்து வாசித்தால் இது விளங்கும். 10இல் தெருவில் வெறிநாய் வருகிறது. ஷெரிஃப் தன் துப்பாக்கியை அட்டிகஸ் கையில் கொடுத்துவிடுகிறார். ஒரே குண்டில் நாய் விழுகிறது. அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த அத்தியாயத்தில் திருமதி டுபோஸ் வருகிறார். வாயைத் திறந்தாலே வசவுதான். கறுப்பினத்தவருக்காக வாதாடும் அட்டிகஸை அவர் கேவலமாகப் பேச, ஆத்திரத்தில் ஜெம் அவருடைய கமேலியாச் செடிகளை வெட்டித் தள்ளிவிடுகிறான். தினமும் போய் அந்தக் கிழவிக்குப் புத்தகம் வாசித்துக் காட்ட வேண்டும், அதுதான் தண்டனை. வாசிக்கும்போதே அவருக்கு வலிப்பு போல ஏதோ வரும். அலாரம் கடிகாரம் அடித்ததும் பிள்ளைகளை அனுப்பிவிடுவார்கள். அந்த அலாரம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளித்தள்ளி அடிக்கும். அவர் இறந்த பிறகுதான் காரணம் தெரிகிறது. வலிக்காக மார்ஃபின் எடுத்து அதற்கு அடிமையாகியிருந்தவர், சாவதற்கு முன் அதை விட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நேரத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறார். துணிச்சல் என்பது துப்பாக்கி பிடித்த மனிதனிடம் இருப்பதல்ல, அதை நீ பார்க்கத்தான் அங்கே அனுப்பினேன் என்று மகனிடம் சொல்கிறார் அட்டிகஸ்.

அந்தக் கிழவி கடைசிவரை இனவெறி பிடித்தவர்தான். அப்படிப்பட்ட ஒருவரைக் கொண்டு துணிச்சலைக் காட்டியதை இந்த நாவலின் மிகத் தைரியமான தேர்வு என்று நினைக்கிறேன்.

கேள்வி: சாட்சியங்கள் அவ்வளவு தெளிவாக இருந்தும் ஜூரி எப்படி ‘குற்றவாளி’ என்றது?

மேயெல்லாவின் முகத்தில் வலப்பக்கம் அடிபட்டிருக்கிறது. எதிரே நிற்பவன் இடது கையால் அடித்தால்தான் பெரும்பாலும் அப்படிப் படும். டாமின் இடது கை சிறுவயதிலேயே பருத்தி ஆலை இயந்திரத்தில் சிக்கிச் செயலிழந்துபோனது. மேயெல்லாவின் அப்பா பாப் யூவெல் இடது கைக்காரர் என்பதை, நீதிமன்றத்தில் எல்லோர் முன்னாலும் பெயர் எழுத வைத்து அட்டிகஸ் காட்டிவிடுகிறார். மருத்துவரைக்கூட யாரும் அழைக்கவில்லை.

ஆனால் வழக்கு கைநழுவும் இடம் வேறு. எதற்காகக் கூலி வாங்காமல் அவளுக்கு வேலை செய்துகொடுத்தாய் என்று அரசு வழக்கறிஞர் கேட்கிறார். அவளைப் பார்த்தால் பாவமாக இருந்தது என்கிறான் டாம். அது உண்மைதான். மேயெல்லாவுக்கு உலகத்தில் ஒரு தோழிகூடக் கிடையாது. தம்பி தங்கைகள் ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட ஏழு நிக்கல் காசு (ஐந்து சென்ட் நாணயம்) சேர்க்க அவளுக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது. அட்டிகஸ் மரியாதையாகப் பேசினால் கேலி செய்கிறார் என்று நினைக்கிற அளவுக்கு, அவளிடம் யாரும் மரியாதையாகப் பேசியதில்லை. அவள்மேல் இரக்கப்பட்டவன் டாம் ஒருவன்தான். ஒரு கறுப்பினத்தவன் ஒரு வெள்ளைக்காரியைப் பார்த்துப் பரிதாபப்படுவதா? அந்தப் பதிலை அந்த நீதிமன்றத்தால் பொறுக்க முடியவில்லை. பொய் சொல்லியிருந்தால் அவனுக்கு அது நல்லதாக இருந்திருக்கலாம். அவன் சொல்லவில்லை.

கேள்வி: இது உண்மை வழக்கா?

நேரடியாக ஒரு வழக்கின் கதை அல்ல. பலரும் நினைவுகூர்வது ஸ்காட்ஸ்பரோ வழக்கை. 1931இல் அதே அலபாமாவில், ரயிலில் வந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்களைப் பலாத்காரம் செய்ததாக ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மீது குற்றம் சுமத்தப்பட்டது. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி எட்டுப் பேருக்கு மரண தண்டனை கொடுத்தது. அந்தப் பெண்களில் ஒருவர் 1933இல் தன் குற்றச்சாட்டை மறுத்தார். அப்போதும் ஜூரி நம்பவில்லை. உச்ச நீதிமன்றம் 1932லும் 1935லும் தலையிட வேண்டியிருந்தது. லீயின் தந்தையும் வழக்கறிஞர்தான். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவர் இருவருக்காக வாதாடித் தோற்றவர்.

கேள்வி: ஊரில் பாப் யூவெல் தவிர மற்றவர்கள் நல்லவர்கள்தானே?

இப்படித் தோன்றினால் 24, 26 ஆகிய அத்தியாயங்களை இன்னொரு முறை பாருங்கள். 24இல் தூர தேசத்துப் பழங்குடியினரின் துன்பத்துக்காகப் பெண்கள் தேநீர் குடித்தபடி உருகுகிறார்கள். அதே வாய், தங்கள் வீட்டில் வேலை செய்யும் கறுப்பினப் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று குறை சொல்கிறது. 26இல் ஆசிரியை மிஸ் கேட்ஸ், ஹிட்லர் யூதர்களை நடத்தும் விதத்தை வகுப்பில் கண்டிக்கிறார். ஆனால் வழக்கு முடிந்த அன்று அவரே, இவர்களுக்கு ஒரு பாடம் புகட்ட வேண்டிய நேரம்தான் என்று சொன்னதை ஸ்கவுட் கேட்டிருக்கிறாள். குழந்தைக்குப் பிடிபடும் முரண் பெரியவர்களுக்குப் பிடிபடவில்லை.

மறுபக்கமும் உண்டு. டாமைக் கொல்ல சிறைக்கு வந்த கூட்டத்தில் வால்டர் கன்னிங்ஹாம் இருக்கிறார். உங்கள் பையன் என் வகுப்பில்தான் படிக்கிறான், நான் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று ஸ்கவுட் சாதாரணமாகப் பேச்சுக்கொடுக்கிறாள். கூட்டத்தில் ஒருவராக நின்றவர் ஒரு பையனின் அப்பாவாகிவிடுகிறார். கூட்டம் கலைகிறது. ஜூரியில் தொடக்கத்தில் டாமை விடுவிக்கச் சொல்லி நின்றவரும் கன்னிங்ஹாம்களின் உறவுக்காரர்.

கேள்வி: பூ ராட்லிக்கும் வழக்குக்கும் என்ன தொடர்பு?

வீட்டை விட்டு வெளியே வராத அண்டை வீட்டுக்காரரைப் பற்றிப் பிள்ளைகள் கதை கட்டுகிறார்கள், டாமைப் பற்றி ஊர் கட்டியது போலவே. பிள்ளைகள் திருந்துகிறார்கள். ஊர் திருந்தவில்லை.

கேள்வி: வெள்ளைக்காரர் ஒருவர் வந்து காப்பாற்றும் கதை என்ற விமர்சனம் சரியா?

பாதிக்கு மேல் சரி. டாம் எப்படிச் சிந்திப்பான் என்பது நமக்குக் கிட்டத்தட்டத் தெரிவதே இல்லை. சிறையிலிருந்து தப்ப முயன்றபோது பதினேழு குண்டுகள் பட்டுச் சாகிறான். அதுவும் நமக்குச் செய்தியாகத்தான் வருகிறது. அவன் மனைவி ஹெலனின் துயரத்தைத் தூரத்தில் நின்று பார்க்கிறோம். ஃபின்ச் வீட்டில் சமைத்துக்கொண்டு பிள்ளைகளை வளர்த்த கறுப்பினப் பெண் கல்பூர்னியாவுக்கென்று தனி வாழ்க்கை ஒன்று உண்டு என்பதே, அவர் தன் தேவாலயத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் அத்தியாயம் வரும்வரை ஸ்கவுட்டுக்கு உறைப்பதில்லை.

ஆனாலும் நாவலைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். வாசிக்கும்போது பார்வையைக் கொஞ்சம் நகர்த்துங்கள். அட்டிகஸ் அவமானப்பட்டார், பிள்ளைகள் தாக்கப்பட்டார்கள். அது சிறிய விலை அல்ல. ஆனால் சாட்சிக் கூண்டில் உண்மையைச் சொன்ன டாம் உயிரையே கொடுத்தான். தீர்ப்புக்குப் பின் அட்டிகஸ் வெளியேறும்போது மாடியில் கறுப்பினத்தவர் எல்லோரும் எழுந்து நிற்கும் காட்சி புகழ்பெற்றது. எனக்கு அங்கே எப்போதும் உறுத்துவது, அதே தீர்ப்பால் டாம் சிறைக்குத்தான் போக வேண்டும் என்பதுதான்.

2015இல் வந்த ‘கோ செட் எ வாட்ச்மேன்’ இதற்கு முன்பே எழுதப்பட்ட பிரதி. அதில் அட்டிகஸ் இனப் பிரிவினையை ஆதரிப்பவர். பலருக்கு அதிர்ச்சி. 1960இல் வந்த நாவலை நிதானமாக வாசித்தவர்களுக்கு அவ்வளவு அதிர்ச்சி இருக்காது. அந்த ஊர் வழக்கங்களோடு ஒத்துப்போகிற மனிதராகத்தான் அதிலும் வருகிறார்.

கேள்வி: படம் பார்த்தால் போதாதா?

1962இல் வந்த படத்தில் கிரிகரி பெக்கின் நடிப்பு அருமை, ஆஸ்கரும் வாங்கினார். ஆனால் மிஸ் கேட்ஸ் படத்தில் இல்லை, திருமதி டுபோஸின் மார்ஃபின் கதையும் இல்லை. மேலே நான் சொன்னதில் பாதி போய்விடும்.

கேள்வி: 12 வயது மகளுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் தனியாக விட்டுவிடாதீர்கள். பலாத்காரக் குற்றச்சாட்டு வருகிறது, கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. முதல் பாகத்தை அவளே வாசிக்கட்டும். 17 முதல் 21 வரையிலான விசாரணை அத்தியாயங்களுக்கு முன், அந்தக் காலத்து அலபாமாவில் யார் ஜூரியில் உட்கார முடிந்தது என்பதைச் சொல்லிவிடுங்கள். பெண்களுக்கே அங்கே 1966 வரை அந்த உரிமை இல்லை. அவள் ஏன் என்று கேட்டால், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்து பேசுங்கள். மீதியை மறுநாள் வாசித்துக்கொள்ளலாம்.