“இது அரசியல் கேஸ்” என்று முதலாளி சொன்னால்…

கேள்வி: அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன முதலீட்டு நிறுவனத்தில், கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எச்-1பி விசா, கிரீன் கார்டு வரிசையில் பல வருடங்களாக நிற்கிறேன். போன வாரம் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் வந்து நிறுவனத்துக்கு கிராண்ட் ஜூரி சப்பீனா (குற்ற விசாரணைக் குழுவுக்கு ஆவணம் தரச் சொல்லும் உத்தரவு) கொடுத்தார்கள். என்னிடம் ஒரு கார்டை நீட்டி, “நேரம் கிடைக்கும்போது சும்மா பேசலாம்” என்றார்கள். எங்கள் முதலாளி, “அந்த அரசு வழக்கறிஞர் தேர்தலில் நிற்கப் பார்க்கிறார், பேப்பரில் பெயர் வரவேண்டும், ஆறு மாதத்தில் அடங்கிவிடும்” என்கிறார். சக ஊழியர் ஒருவர் பழைய வாட்ஸாப் மெசேஜ்களை அழித்துவிடச் சொல்கிறார். நான் தப்பு எதுவும் செய்யவில்லை. போய்ப் பேசிவிட்டு வந்துவிடலாமா?

பதில்: முதலில் வாட்ஸாப். எதையும் அழிக்காதீர்கள். மெசேஜ் தானாக மறையும்படி வைத்திருந்தால் இன்றே அதை நிறுத்துங்கள். கணக்கு மோசடியில் சிக்கிய என்ரான் நிறுவனத்தின் வீழ்ச்சிக்குப் பிறகு 2002இல் வந்த சட்டத்தின்படி, ஃபெடரல் (மத்திய அரசு) விசாரணையைத் தடுக்கும் நோக்கத்தோடு ஆவணத்தை அழித்தால் 20 ஆண்டுகள் வரை சிறை. மெசேஜில் வீட்டுச் சமையலைப் பற்றித்தான் பேசியிருந்தீர்கள் என்றாலும், சப்பீனா வந்த மறுநாள் அது காணாமல் போனால் அதை நிரபராதியின் செயலாக யாரும் பார்க்க மாட்டார்கள். அழிக்கச் சொன்ன நண்பரிடம் இதைப் பற்றி மேற்கொண்டு பேசவும் வேண்டாம்.

இனி முதலாளியின் வாதம். அவர் சொல்வது வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவில் மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் பெரும்பாலும் ஓட்டு வாங்கிப் பதவிக்கு வருபவர்கள். மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலும் (ஏ.ஜி.) 43 மாநிலங்களில் அப்படித்தான். அங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி, மக்கள் தேர்ந்தெடுக்கும் பதவி. ஏ.ஜி. என்பதற்கு ‘ஆஸ்பைரிங் கவர்னர்’ (ஆளுநராக ஆசைப்படுபவர்) என்றுதான் அர்த்தம் என்று வக்கீல்கள் வட்டாரத்தில் ஒரு பழைய கிண்டலே உண்டு. உங்கள் வழக்கை நடத்தும் ஃபெடரல் அரசு வழக்கறிஞரை ஜனாதிபதி நியமிக்கிறார். ஆனால் அந்த நாற்காலியும் பலருக்குப் படிக்கட்டாகவே இருந்திருக்கிறது.

ரூடி ஜூலியானியை எடுத்துக்கொள்ளுங்கள். 1983 முதல் நியூயார்க்கில் ஃபெடரல் அரசு வழக்கறிஞர். 1987 பிப்ரவரியில், அவர் அலுவலகம் போட்ட வழக்கில், கிடர் பீபடி என்ற பங்குச்சந்தை நிறுவனத்தின் ரிச்சர்ட் விக்டன் தன் அலுவலகத்திலேயே, சக ஊழியர்கள் பார்க்க, கைவிலங்கு மாட்டி அழைத்துச் செல்லப்பட்டார். மூன்று மாதத்தில் அரசே அந்தக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றது. அவர் மீது மறுபடி வழக்கு வரவேயில்லை. கைவிலங்குப் படலம் தலைப்புச் செய்தியானது. வாபஸ் வாங்கியது யார் நினைவிலும் இல்லை. ஜூலியானி 1989இல் பதவியை விட்டு அதே ஆண்டு மேயர் தேர்தலில் நின்று தோற்றார், 1993இல் ஜெயித்தார்.

நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்த எலியட் ஸ்பிட்சர் இன்னொரு ரகம். நியூயார்க் மாநிலத்தில் பங்கு மோசடிக்கு எதிரான 1921ஆம் ஆண்டின் மார்ட்டின் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி அட்டர்னி ஜெனரல் சிவில் வழக்குப் போட, ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று நிரூபிக்கக்கூட வேண்டியதில்லை. பல காலம் அதிகம் பேசப்படாமல் கிடந்த அந்தச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து வால் ஸ்ட்ரீட்டையே ஆட்டிவைத்தார். 2005இல் ஏ.ஐ.ஜி. என்ற காப்பீட்டு நிறுவனத்தின் தலைவராக இருந்த ஹாங்க் கிரீன்பெர்க்கை டிவி பேட்டியிலேயே குற்றம் சாட்டினார். கிரிமினல் வழக்கு கடைசிவரை வரவில்லை. சிவில் வழக்கு 2017இல், கிரீன்பெர்க்குக்கு 91 வயதானபோது, 90 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. அதற்குள் ஸ்பிட்சர் ஆளுநராகி, ராஜினாமாவும் செய்து ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

ஆனால், ‘அரசியல்’ என்ற முத்திரையை வைத்து ஒரு வழக்கு எங்கே போய் முடியும் என்று கணிக்க முடியாது. கொழும்பில் பிறந்த முதலீட்டு நிறுவன அதிபர் ராஜ் ராஜரத்தினம் 2009இல் கைதானபோதும் இதே பேச்சு அடிபட்டது. அப்போது நியூயார்க்கின் ஃபெடரல் அரசு வழக்கறிஞராக இருந்த பிரீத் பராரா பெயர் வாங்கப் பார்க்கிறார் என்றார்கள். அந்த வழக்கில் ஒட்டுக் கேட்ட தொலைபேசிப் பதிவுகள் இருந்தன. 14 குற்றச்சாட்டிலும் தண்டனை, 11 ஆண்டு சிறை. அதே அலுவலகம், அதே இன்சைடர் டிரேடிங் (நிறுவனத்தின் உள்ரகசியம் தெரிந்து பங்கு வாங்கி விற்பது) வேட்டையில் தண்டனை வாங்கித் தந்த நியூமன், கியாசன் என்ற இருவரை 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. பராரா இதுவரை எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை என்பது தனிக் கதை.

நீதிமன்றத்திலும் இந்த வாதம் எடுபடாது. ‘என்னை மட்டும் குறிவைக்கிறார்கள்’ என்று சொல்பவர், தன்னைப் போன்ற மற்றவர்களை அரசு விட்டுவைத்திருக்கிறது என்று முதலில் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் ஆர்ம்ஸ்ட்ராங் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வாசலைத் தாண்டியவர்கள் மிகச் சிலர். வழக்கறிஞரின் அரசியல் ஆசை உங்களுக்குக் கேடயம் ஆகாது. பத்திரிகையாளர் கூட்டம் எப்போது நடக்கும் என்று ஊகிக்க வேண்டுமானால் உதவும்.

இதைவிட உங்களுக்கு நிஜமான ஆபத்து ஒன்று உண்டு: வழக்கு முடியும் முன்பே நிறுவனம் முடிந்துபோவது. 1987 டிசம்பரில் பிரின்ஸ்டன்/நியூபோர்ட் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குள் குண்டு துளைக்காத சட்டை போட்ட சுமார் 50 ஃபெடரல் அதிகாரிகள் நுழைந்தார்கள். மாஃபியாவை ஒடுக்க 1970இல் கொண்டுவந்த ரிகோ சட்டம் இவர்கள் மீது பாய்ந்தது. முதலீட்டாளர்கள் நகர, 1988 முடிவில் நிறுவனம் மூடப்பட்டது. தண்டனைகளில் முக்கியமானவை 1991இல் ரத்தாகின. திரும்பி வர நிறுவனம்தான் இல்லை. என்ரானின் கணக்குத் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனத்துக்கும் அதே கதி: 2002இல் தண்டனை, 2005இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து, இடையில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 28,000 பேர் வேலை பார்த்த இடம் காலி.

எச்-1பிக்காரருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். ஆகவே உங்கள் ஐ-140 (நிறுவனம் உங்களுக்காகப் போட்ட கிரீன் கார்டு மனு) ஒப்புதலான தேதியை இன்றே பாருங்கள். 180 நாள் கடந்திருந்தால், நிறுவனம் மூடினாலும் கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடம் பொதுவாகப் போகாது. ஆனாலும் இமிக்ரேஷன் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இனி ‘சும்மா பேசலாம்’ என்றார்களே, அது. ஃபெடரல் அதிகாரியிடம் தெரிந்தே பொய் சொல்வது தனிக் குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை, சத்தியப்பிரமாணம் எடுத்திருக்க வேண்டியதில்லை. டிவி பிரபலம் மார்த்தா ஸ்டூவர்ட் 2001இல் பங்கு விற்றுத் தவிர்த்த நஷ்டம் சுமார் 45,000 டாலர். அந்த விற்பனைக்காக இன்சைடர் டிரேடிங் என்று கிரிமினல் வழக்கே போடவில்லை. அதைப் பற்றி விசாரணையில் சொன்ன பொய்க்காகத்தான் ஐந்து மாதம் சிறை. தவளை தன் வாயால் கெடும் என்பது இவருக்காகவே சொன்னது போல இருக்கும். உங்களுக்குப் பொய் சொல்லும் எண்ணம் இல்லை என்பது புரிகிறது. ஆனால் மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு கணக்கைப் பற்றி, இமெயில் எதுவும் கையில் இல்லாமல், பதற்றத்தில், இரண்டாம் மொழியில் பதில் சொல்லப்போகிறீர்கள். வழக்கமாக அதிகாரிகள் இருவர் வருவார்கள். பேச்சைப் பதிவு செய்ய மாட்டார்கள். திரும்பிப் போய் ஒருவர் 302 என்ற படிவத்தில் எழுதுவதே பின்னால் நீங்கள் ‘சொன்னது’ ஆகும்.

அதனால் பேசும் முன் வக்கீல். நிறுவனத்தின் வக்கீலை உங்கள் வக்கீல் என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல வக்கீலாக இருந்தால், பேசத் தொடங்கும் முன்பே, “நான் நிறுவனத்துக்காக வந்திருக்கிறேன், நீங்கள் சொல்வதை அரசிடம் கொடுப்பதா என்பதை நிறுவனம்தான் முடிவு செய்யும்” என்று சொல்வார். அதை வெறும் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குத் தனி வக்கீல் வைத்தால் செலவை ஏற்பீர்களா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். அப்படி ஏற்பது சகஜம். கே.பி.எம்.ஜி. என்ற தணிக்கை நிறுவனத்தின் வழக்கில் ஊழியர்களின் வக்கீல் செலவை நிறுத்தும்படி அரசு நெருக்கடி கொடுத்தது; அதனால் 13 பேர் மீதான வழக்கையே நீதிபதி கப்லன் 2007இல் தள்ளுபடி செய்தார்.

உங்கள் வக்கீல் அரசுத் தரப்பிடம் முதலில் கேட்கவேண்டியது, நீங்கள் விட்னஸா (சாட்சி), சப்ஜெக்டா (விசாரணை வளையத்துக்குள் இருப்பவர்), டார்கெட்டா (குற்றம் சாட்டக் குறிவைக்கப்பட்டவர்) என்பது. கணக்குப் பிரிவு ஊழியர் பெரும்பாலும் விட்னஸ்தான், ஆனால் அந்த நிலை மாறலாம். நிலைமை முற்றி, சின்னக் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டால் விட்டுவிடுகிறோம் என்று பேரம் வந்தால், கையெழுத்துக்கு முன்னால் நிறுத்துங்கள். மோசடியில் நஷ்டம் 10,000 டாலரைத் தாண்டினால், சிறையே இல்லாவிட்டாலும் நாடு கடத்தப்படலாம். அதை முன்கூட்டியே எச்சரிப்பது வக்கீலின் கடமை என்று 2010இல் பாடில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கிரிமினல் வக்கீலும் இமிக்ரேஷன் வக்கீலும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய கட்டம் அது.

அந்த கார்டைப் பத்திரமாக வையுங்கள். அவர்கள் மறுபடி வந்தால், “என் வக்கீல் உங்களைக் கூப்பிடுவார்” என்று மட்டும் மரியாதையாகச் சொல்லுங்கள். வக்கீலை இன்னும் அமர்த்தவில்லை என்றால், “வக்கீல் வைத்துக்கொண்டு தொடர்புகொள்கிறேன்” என்பது போதும்.