8 மாதக் குழந்தை பாட்டில் பால் தவிர வேறு எதையும் சாப்பிட மறுக்கிறது. என்ன செய்வது?

பாட்டில் பாலைத் தவிர எதற்கும் வாயைத் திறப்பதில்லை, ஸ்பூனைப் பார்த்தாலே அழுகிறான், கூழ், சோறு, பருப்பு எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் என் மகனின் ஏழாம் மாதம்தான் நினைவுக்கு வந்தது. நான் டாக்டர் இல்லை, ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் யார் என்று சொல்லவில்லை. அம்மா என்றே வைத்துக்கொள்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கிண்ணத்தோடு உட்கார்ந்து, ஏழு மணிக்கு அதே கிண்ணம் அப்படியே இருக்க எழுந்திருப்பீர்கள். "பாட்டிலைப் பழக்கினாய், அதான் இப்படி" என்று தினமும் யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார். தயவுசெய்து அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். தாய்ப்பால் மட்டுமே குடித்து வளர்ந்த என் நாத்தனார் மகள் பதினோரு மாதம்வரை ஒரு வாய் சோறு உருப்படியாக இறக்கவில்லை. தாய்ப்பாலின் அருமை தெரியாமல் நான் இதை எழுதவில்லை. எனக்கும் தெரியும். எனக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் வாய்க்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது கேட்பார்கள். மகன் பிறந்து மூன்று மாதத்தில் நான் பள்ளிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அந்த மூன்று மாதமும் சம்பளம் இல்லை. 2017ல் சட்டத்தைத் திருத்தி, முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்றார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள், ஆயாக்கள், டிரைவர்கள் என்று அறுபது பேருக்கு மேல். காப்பகம் கிடையாது, கதவைச் சாத்திக்கொண்டு பால் எடுக்க ஓர் அறைகூடக் கிடையாது. கழிவறையில் நின்றபடி பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டு அடுத்த பீரியடுக்கு ஓடினேன். இரண்டு மாதத்தில் பால் வற்றிவிட்டது. தமிழ்நாட்டில் 2021லிருந்து அரசுப் பள்ளி ஆசிரியைகளுக்கு 12 மாத விடுப்பு. அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதே பாடத்தை நடத்துகிற எங்கள் உடம்பும் அதே உடம்புதானே? விடுப்பு கேட்டபோது, "உங்கள் இடத்துக்கு இருபது பேர் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள்" என்று சொன்னார்கள். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. நீங்கள் கேட்டது இது இல்லை, தெரியும். ஆனால் பாட்டிலைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு இது நினைவுக்கு வராமல் இருக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆறு மாதம் முடிந்ததும் குலசாமி கோயிலில் வைத்துச் சோறு ஊட்டினோம். தாய்மாமன் என்ற முறையில் என் தம்பி வெள்ளிக் கிண்ணமும் ஸ்பூனும் வாங்கி வந்திருந்தான். ஒரு துளி சர்க்கரைப் பொங்கலை நாக்கில் வைத்ததும் மகன் சப்புக்கொட்டினான். எல்லோருக்கும் மகிழ்ச்சி. இரண்டு நாள் ராகிக் கூழும் குடித்தான். மூன்றாம் நாள் உதட்டை இறுக்க மூடியவன்தான், பிறகு திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு செய்தவற்றை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பாட்டுப் பாடினோம், போனில் வீடியோ போட்டோம், மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் காக்காய் காட்டினோம். அத்தை ஓர் ஊசியைச் சூடாக்கி நிப்பிளின் ஓட்டையைப் பெரிதாக்கி, ராகிக் கூழை நீர்க்கக் கரைத்துப் பாட்டிலிலேயே ஊற்றிக் கொடுத்தார்கள். வயிற்றுக்குள் போனால் போதும் என்பது அவர்கள் எண்ணம். அவர்கள் நான்கு பிள்ளைகளை வளர்த்தவர்கள், குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நீங்கள் அதைச் செய்யாதீர்கள். கெட்டியானது வேகமாக இறங்கினால் புரை ஏறும். மெல்லவும் நாக்கால் உணவை உள்ளே தள்ளவும் குழந்தை பழகாது. அதற்கு அதுவும் இன்னொரு பால்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ள, நான் கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்து அந்த வெள்ளி ஸ்பூனால் கூழை ஊற்றினேன். இரண்டாவது வாயில் புரை ஏறி மூக்கு வழியாக வந்தது. முகம் கன்றிச் சிவந்து, மூச்சு வாங்கி, குடித்த பால் முழுவதையும் வாந்தி எடுத்தான். அடுத்த பத்து நாள் அந்த ஸ்பூன் கிண்ணத்தில் படும் சத்தம் கேட்டாலே அழுதான். அவனுடைய பயம் நாங்கள் உண்டாக்கியது. உங்கள் குழந்தையும் ஸ்பூனைப் பார்த்து அழுகிறது என்று எழுதியதைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது. நீங்களும் அப்படிச் செய்தீர்கள் என்று சொல்லவில்லை. ஒருவேளை யாராவது செய்திருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். அந்த ஸ்பூனையும் மாற்றிவிடுங்கள். நாங்கள் எங்களுடையதைப் பீரோவில் வைத்துவிட்டு விரலால்தான் ஊட்டினோம்.

அதன் பிறகுதான் டாக்டரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில்?" நான் ஐந்து என்றேன். "ராத்திரியும் சேர்த்தா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் பள்ளியில் இருக்கும்போது அத்தை எத்தனை கொடுக்கிறார்கள் என்றும் தெரியவில்லை. மூன்று நாள் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். எழுதிப் பார்த்தால் ஏழு. தூக்கத்தில் கொடுத்தது மட்டும் இரண்டு. ஒவ்வொன்றும் 150 மில்லி, ஆக ஒரு லிட்டருக்கு மேல். அதிலும் பகலில் கொடுத்த நான்கு பாட்டிலும் பவுடர் பால் இல்லை, பாக்கெட் பால். பவுடர் டப்பா கண்மூடித் திறப்பதற்குள் தீர்கிறதே, நான் வேறு சம்பளம் இல்லாமல் இருந்துவிட்டு வந்தவளாயிற்றே என்று அத்தை எனக்காகப் பார்த்துச் செய்த சிக்கனம் அது.

பையன் பார்க்கக் கொழுகொழுவென்றுதான் இருந்தான், எடையும் சரியாகத்தான் இருந்தது. டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 9.2தான், ரத்தம் குறைவு. பிறக்கும்போது உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்புச் சத்து ஆறு மாத வாக்கில் தீர ஆரம்பித்துவிடும், அதனால்தான் அந்த நேரத்தில் உணவு தொடங்கச் சொல்கிறோம் என்றார். பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு, ஒரு வயதுவரை அதை முக்கியப் பாலாகக் கொடுக்கக் கூடாது என்றார். ரத்தம் குறைந்தால் பசியே மந்தமாகும், பசி மந்தமானால் குழந்தை பாலோடு நின்றுவிடும், அதனால் ரத்தம் இன்னும் குறையும். இதைக் கேட்டபோது என்னால் அழாமல் இருக்க முடியவில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் வாரம் இரண்டு முறை ஒரு மில்லி கொடுக்கச் சொல்லித் தந்த இரும்புச் சத்து மருந்து எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் திறக்காமலே இருந்தது. தடுப்பூசி அட்டையோடு வைத்தவள் நான்தான்.

ஆகவே முதலில் எண்ணுங்கள். யாரையும் குற்றம் சொல்லாமல், யார் எப்போது எவ்வளவு கொடுத்தாலும் சுவரில் ஒட்டிய தாளில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். எங்களுக்கு டாக்டர் சொன்னது நான்கு பாட்டில், 600 மில்லி, அதுவும் பவுடர் பால் மட்டும். உங்கள் குழந்தையின் அளவை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் குறைக்கவில்லை. ராத்திரிப் பாட்டிலில் மூன்று நாளுக்கு ஒருமுறை 30 மில்லி குறைத்துக்கொண்டே வந்தோம். குறைக்கிறேன் என்று பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிவிடாதீர்கள், அது ஆபத்து. எங்கள் டப்பாவில் 30 மில்லிக்கு ஒரு மட்டக் கரண்டி. அந்தக் கணக்கை மாற்றாமல் மொத்த அளவை மட்டும்தான் குறைக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் இரண்டு மணி நேரம் பால் இல்லை. இரும்பு மருந்தைத் தனியாக அளவு எழுதிக் கொடுத்தார்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். "பச்சைப் பிள்ளையைப் பட்டினி போடுகிறாளே" என்று உங்களை யாராவது சொல்லலாம், என்னையும் சொன்னார்கள். பசிக்க விடுவதும் பட்டினி போடுவதும் ஒன்று இல்லை. நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறானா, விளையாடுகிறானா என்று பார்த்துக்கொண்டேன்.

ஆனால் பசி வந்ததும் அவன் வாயைத் திறந்துவிடவில்லை. பயம் அப்படியே இருந்தது.

எடை பார்க்கும் நாளில் அவனை அங்கன்வாடிக்குத் தூக்கிப் போயிருந்தேன். நான்கைந்து பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து சத்துமாவு உருண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவன் என் மடியிலிருந்து அவர்கள் வாயையே பார்த்தான். அவர்கள் மென்றால் இவன் உதடும் அசைந்தது. நான் உடனே ஒரு துணுக்கை எடுத்து அவன் வாய்க்குக் கொண்டு போனேன், வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். அங்கே வேலை செய்யும் ஆயா அக்கா என் கையைத் தடுத்து, "வாயில வைக்காதம்மா, கையில குடு. நீ அவனப் பாக்காத, என்கூடப் பேசு" என்றார். கொடுத்தோம். பத்து நிமிஷம் பிசைந்தான். காதில் தேய்த்தான், என் சேலையில் தேய்த்தான். பிறகு கட்டை விரலை வாயில் வைத்தான். துப்பவில்லை. அந்த மாவில் வெல்லம் உண்டு, ஒரு வயதுவரை இனிப்பும் உப்பும் வேண்டாம் என்பார்கள், அதுவும் எனக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்குப் பிறகு என் பிள்ளை தானாக ஒன்றை வாயில் வைத்திருக்கிறான். அன்றைக்கு நான் அதைப் பிடுங்கியிருக்க முடியாது.

அந்த அக்காவுக்கு மாதம் என்ன கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் போய் நின்ற இடங்களிலெல்லாம் என் மகனின் கையைப் பற்றி யோசித்த ஒரே ஆள் அவர்தான்.

வீட்டில் மூன்றை மாற்றினோம். அதுவரை அவனை மடியில் சாய்த்துத்தான் ஊட்டினோம், பாட்டில் கொடுப்பதும் அப்படித்தான். சாய்த்ததும் அவன் பாலைத் தேடுவான், வேறு ஏதோ வந்தால் அலறாமல் என்ன செய்வான்? சுவரோரமாகப் பாய் போட்டு, நிமிர்ந்து உட்கார வைத்து, நாங்கள் சாப்பிடும் நேரத்திலேயே அவனுக்கும் ஒரு தட்டு வைத்தோம். இரண்டாவது, கூழை விட்டுவிட்டோம். நான் மிக்ஸியில் அடித்துப் பால்போலக் கொடுத்துக்கொண்டிருந்தேன், ஸ்பூனைச் சாய்த்தால் ஓடுகிற பதம். சாய்த்தாலும் ஒட்டிக்கொண்டு நிற்கிற பதம்தான் வேண்டும், தண்ணீராக இருந்தால் சின்ன வயிறு சும்மா நிரம்பிவிடும் என்றார் டாக்டர். இட்லியின் நடுப்பகுதியை நெய் தடவி விரலால் பிசைந்து வைத்தேன். குழைந்த பருப்பு சோறு, வேகவைத்த கேரட், பூவன்பழம், பிறகு அவித்த முட்டை. மூன்றாவதுதான் கஷ்டம். எவ்வளவு சாப்பிட்டான் என்று பார்க்காமல் இருக்க வேண்டும். இருபது நிமிஷம், அப்புறம் தட்டை எடுத்துவிடுவோம். சிரித்துக்கொண்டே எடுக்க வேண்டும், அது எனக்கு லேசில் வரவில்லை.

முதல் வாரம் முழுக்கக் கீழேதான் போனது. முட்டையைப் பதினோரு முறை துப்பினான், எண்ணினேன். பன்னிரண்டாவது முறை விழுங்கினான். ஒரு புது உணவைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து, பதினைந்து தடவைகூட ஆகும் என்று பின்னால்தான் படித்தேன். நாமோ மூன்று தடவை பார்த்துவிட்டு "இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவு செய்துவிடுகிறோம். ஒரு சின்னக் கிண்ணம் முழுவதும் சாப்பிட ஆறு வாரம் ஆனது. நடுவில் சளி பிடித்தபோது திரும்பவும் பாலுக்கே போய்விட்டான், மறுபடி தொடங்கினோம்.

ஓக்காளித்தால் பயந்துவிடாதீர்கள். சத்தத்தோடு ஓக்காளித்து, முகம் சிவந்து, உணவை முன்னே தள்ளுவது குழந்தை தன்னைக் காத்துக்கொள்வது. சத்தமே வராமல், அழவும் இருமவும் முடியாமல் திணறினால்தான் அடைப்பு. அதற்கான முதலுதவியை, முதுகில் எப்படித் தட்டுவது என்பதை, செவிலியரிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயதுவரை நாக்கில் தடவக்கூட வேண்டாம்.

நான் சொன்னது எதுவும் எடுபடாத குழந்தைகளும் உண்டு. பால் குடிக்கும்போதே அடிக்கடி புரை ஏறினால், எட்டு மாதத்திலும் தலை நிற்காமலோ, பிடித்து உட்கார வைத்தாலும் சரிந்தாலோ, எடை ஏறாமல் அட்டையின் கோடு படுத்துவிட்டால், எந்தப் பண்டத்தின் மேலும் கை படவே கூசினால், வீட்டு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. பிரிவு (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து உதவும் மாவட்ட மையம்) எங்கே என்று கேளுங்கள். விழுங்கவும் மெல்லவும் பயிற்சி கொடுக்கிற தெரபிஸ்ட்டுகளுக்கு அங்கே வழிகாட்டுவார்கள். எங்கள் தெருவில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தையை அப்படித்தான் அழைத்துப் போனார்கள். என் கதையைக் கேட்டு அவர்கள் காத்திருந்தால் தப்பாகப் போயிருக்கும்.

என் மகனுக்கு இப்போது இரண்டே முக்கால் வயது. பத்தாம் மாதம் எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11.1. பாட்டிலை முழுதாக விட்டுச் சில்வர் டம்ளருக்கு மாறியது பதினான்காம் மாதத்தில். அத்தைதான் மாற்றினார்கள், நான் பள்ளியில் இருந்தேன். அவர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்று யாராவது கேட்டால், அவர்களிடமே கேட்டுத் தனியாக எழுதுகிறேன். நீங்கள் இன்று ராத்திரியிலிருந்து அந்தக் கோடுகளைப் போட ஆரம்பியுங்கள். மூன்று நாள் கழித்து எத்தனை வந்தது என்று இங்கே சொல்லுங்கள்.