வனச் சட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கே: மலையடிவாரத்தில் வேர்க்கடலை போட்டிருக்கிறேன். காய் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றிகள் கொல்லையைக் கிளறிவிடுகின்றன. பக்கத்துக் கொல்லைக்காரர் மோட்டார் லைனிலிருந்து கம்பி இழுத்துக் கரண்ட் விடுகிறார். நானும் விடலாமா? சோலார் வேலிக்கு அனுமதி வேண்டுமா?
– வாசகர், பேரணாம்பட்டு

ப: கரண்ட் விடவே கூடாது. மோட்டார் லைனில் வருவது இடைவெளி இல்லாமல் பாயும் மின்சாரம். தொட்டதும் தசை இறுகிவிடும், கம்பியை விட முடியாது. பன்றிக்கு இழுத்த கம்பியில் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவரே சாவார். உங்கள் பக்கம் ஆந்திராவின் கவுண்டின்யா சரணாலயத்து யானைகளும் இறங்கும். யானை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையாகப் பாதுகாக்கப்படும் பட்டியலில் உள்ள விலங்கு; கொன்றது நிரூபணமானால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அதற்கும் 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. சுருக்குக் கம்பி, விஷம், அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி) எல்லாமே வேட்டைதான். வைக்க முயன்றாலே குற்றம். சொந்தப் பட்டா நிலம் என்று வாதிட முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் காட்டுக்குள் மட்டுமல்ல, உங்கள் கொல்லையிலும் செல்லும்.

சோலார் வேலி போடலாம். 2023-இல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்யுங்கள். பேட்டரி மின்சாரத்தை விட்டு விட்டு வேலிக்கு அனுப்பும் எனர்ஜைசர் என்ற கருவி வழியாக வினாடிக்கு ஏறக்குறைய ஒருமுறை, கண நேரமே நீடிக்கும் அதிர்வு வரும். சுரீரென்று அடிக்கும், ஆனால் விலகிக்கொள்ள இடைவெளி கிடைக்கும். பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரத்துக்கு உட்பட்ட எனர்ஜைசர் மட்டுமே வாங்குங்கள்.

"வேலி போட்டும் பன்றி நுழைகிறது" என்பவர்கள் முதலில் எர்த்தைப் பார்க்க வேண்டும். கோடையில் மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது. பன்றி கம்பியைத் தொட்டாலும் உறைக்காது. மூன்று எர்த் கம்பிகளையாவது இடைவெளி விட்டு ஆழமாக இறக்கி, அந்த இடத்தை ஈரமாக வையுங்கள். கீழ்க்கம்பி தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், அதற்கு மேல் போனால் பன்றி அடியில் புகுந்துவிடும். புல் கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும், ஆகவே வேலியோரம் களை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எனர்ஜைசருக்குப் பக்கத்தில் அல்ல, வேலியின் கடைசி முனையில் வோல்ட் மீட்டர் வைத்து மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள்.

2025 ஜனவரியில் அரசு எடுத்த முடிவையும் தெரிந்துகொள்ளுங்கள். காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் சுடலாம், ஆனால் சுட வேண்டியவர்கள் பயிற்சி பெற்ற வனத்துறையினர், நீங்கள் அல்ல.

கே: எங்கள் மலையில் தாத்தா காலத்திலிருந்து உழுகிற நிலம் காப்புக்காட்டுக்குள் வருகிறதாம். காலி செய்யச் சொல்கிறார்கள்.
– வாசகர், பீஞ்சமந்தை

ப: காலி செய்யாதீர்கள், உரிமை கோரி மனுப் போடுங்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, மனு விசாரணை முடியும்வரை யாரையும் வெளியேற்ற முடியாது. வட ஆற்காடு மலைகளில் வாழும் மலையாளி சமூகத்தார் (கேரளத்தவர் அல்ல) பழங்குடிப் பட்டியலில் இருப்பதால், நீங்கள் அந்தச் சமூகம் என்றால் 13.12.2005-க்கு முன்பிருந்தே நிலம் உங்கள் கையில் இருந்ததாகக் காட்டினால் போதும். பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். அதிகபட்சம் 4 ஹெக்டேர் கிடைக்கும்.

மனுவைக் கிராம சபையின் வன உரிமைக் குழுவிடம் கொடுங்கள், ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். பல மனுக்கள் சான்று போதாமல் நிற்கின்றன. குறைந்தது இரண்டு வேண்டும்: ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, பழைய கிணறு, முன்னோர் சமாதி, ஊர்ப் பெரியவரின் எழுத்து மூலமான வாக்குமூலம் எல்லாம் செல்லும். கிராம சபை மறுத்தால் 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம். கணவன், மனைவி இருவர் பெயரிலும் கிடைக்கும் இந்த உரிமை வாரிசுக்குப் போகும், விற்க முடியாது.

கே: கூண்டில் பச்சைக்கிளி வளர்க்கிறோம். தவறா?
– வாசகி, ஆம்பூர்

ப: தவறுதான், அதுவும் இரண்டாம் அட்டவணைப் பறவை. ஆனால் நீங்களே திறந்துவிடாதீர்கள். இறகு வெட்டிய கிளியால் பறக்க முடியாது, காக்கை கொத்திக் கொன்றுவிடும். வனச்சரக அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.