கார்டியன் பொறுப்பைப் பத்திரத்தில் எழுதி மாற்ற முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 72, ஊர் கும்பகோணம். மகனும் மருமகளும் விபத்தில் இறந்தபின் பேரனுக்குக் கோர்ட் என்னைக் கார்டியனாக நியமித்தது. இப்போது அவனுக்கு 15. மூட்டுவலியால் என்னால் முடியவில்லை. முன்பு எதிர்வீட்டில் இருந்த குடும்பம் திருச்சியில் அவனை வைத்துப் படிக்கவைக்கச் சம்மதிக்கிறது. 100 ரூபாய் பத்திரத்தில் எழுதி நோட்டரி கையெழுத்தும் வாங்கினோம். நஷ்ட ஈட்டு டெபாசிட் இருக்கும் வங்கி அதை ஏற்கவில்லை.

பதில்: வங்கி மறுத்தது சரிதான், அம்மா. கோர்ட் கொடுத்த பொறுப்பைக் கோர்ட்டிடம்தான் திருப்பிக் கொடுக்க முடியும். உங்களை நியமித்த அதே நீதிமன்றத்தில், 1890-ம் ஆண்டு கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் 40-ம் பிரிவில் விடுவிக்கக் கோரியும், 42-ல் அடுத்த கார்டியனை நியமிக்கக் கோரியும் சேர்த்தே மனு போடுங்கள். முன்னது மட்டும் முடிந்து பின்னது இழுத்தால், நடுவில் பையனுக்காகக் கையெழுத்துப் போட ஆள் இருக்காது.

பழைய உத்தரவின் சான்றிட்ட நகல், இறப்புச் சான்றிதழ்கள், பையனின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் மருத்துவச் சான்று ஆகியவற்றுடன், பொறுப்பேற்பவரின் சம்மதக் கடிதம் வேண்டும். அதில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். இதை விட்டுவிட்டு மனு திரும்பி வருவது சகஜம்.

பெரும்பாலும் வழக்கு சிக்குவது உறவினர்களால்தான். மனுவில் நெருங்கிய உறவினர்களைக் காட்டியாக வேண்டும். சித்தப்பாவோ தாய்மாமாவோ இருப்பதை மறைத்தால், அவர் பிறகு வந்து ஆட்சேபிக்கும்போது மனுவின் நம்பகமே போய்விடும். 17-ம் பிரிவு உறவின் நெருக்கத்தையும் பார்க்கச் சொல்கிறது. வெளியாரை நியமிக்கக் கேட்கும் உங்களுக்கு இது முக்கியம். அந்த உறவினர்களிடம் 'ஆட்சேபணை இல்லை' என்று பிரமாணப் பத்திரம் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். விவரம் தெரிந்த வயது என்பதால் பையனின் விருப்பத்தையும் நீதிபதி கேட்பார். சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள், இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

ஜூனில் பள்ளி திறக்கிறதே என்று இப்போதே திருச்சிக்கு அனுப்பிவிட வேண்டாம். 26-ம் பிரிவுப்படி, கோர்ட் நியமித்த கார்டியன், கோர்ட்டின் அனுமதியில்லாமல் பையனை அதன் எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. கோர்ட்டின் அதிகாரத்தைத் தடுக்கவே கொண்டுபோனதாக முடிவானால் 1,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிவில் சிறையோ உண்டு. பிரதான மனுவோடு இடைக்கால அனுமதி கேட்டு இன்னொரு மனு போட்டால் போதும்.

சொத்துக்கும் நீங்களே கார்டியன் என்றால், இதுவரையிலான வரவு செலவுக் கணக்கை ஒப்படைக்கக் கோர்ட் சொல்லலாம்; வட்டிப் பணத்தில் கட்டிய பள்ளிக் கட்டண ரசீதுகளைத் தேடி எடுத்து வையுங்கள். புது உத்தரவு வந்தாலும் டெபாசிட்டில் பெயர் தானாக மாறாது. விபத்து வழக்கை விசாரித்த தீர்ப்பாயத்தில் அந்த உத்தரவைக் காட்டித் தனியாக மனு போட வேண்டும். அங்கிருந்து வங்கிக்குக் கடிதம் போகும்வரை வட்டியை வாங்கும் பொறுப்பை நீங்களே வைத்திருக்க அனுமதி கேளுங்கள்.